காப்பு விக்கிறீங்களா, மருந்து விக்கிறீங்களா?

போன சனிக்கிழமை காலைல, அந்த வாரத்து ஆணியெல்லாம் புடுங்கி முடிச்ச நிம்மதியில காபியும் கையுமா உட்கார்ந்திருந்தேன். நண்பர் ஒருத்தர், அவரும் பதிவர்தான், வாட்ஸப்புல ஒரு படம் அனுப்பினார். முறுக்கின செம்புக் கம்பியில செஞ்ச கைக்காப்பு. நல்ல வேலைப்பாடு, பொய் சொல்லக் கூடாது. முறுக்கு ஒரே சீரா விழுந்திருந்துச்சு. முனை ரெண்டையும் அழகாச் சுருட்டியிருந்தாங்க. கீழே கொட்டை எழுத்துல, 'வீட்டிலேயே கையால் செய்த சுத்தமான செம்புக் காப்பு. மூட்டுவலி, முடக்குவாதம், ரத்த அழுத்தம், தூக்கமின்மை நீங்கும். விலை 499 மட்டுமே!' அதுக்கும் கீழே நண்பரோட வரி: "நீதான் இதைச் சும்மாவே செஞ்சு ஊருக்கெல்லாம் குடுக்கிறியே. இந்த மாதிரி நாலு வரி எழுதிப் போட்டா, பொட்டி தட்டுறதை விட்டுட்டு இதையே பொழப்பாப் பார்க்கலாமே?"

அவர் விளையாட்டாத்தான் கேட்டார். எனக்குத்தான் காபி இறங்கல. அந்த நாலு வரியை நான் எழுதினதில்ல. ஆனா நான் செஞ்ச காப்பைப் பத்தி வேற ஒருத்தங்க அதையே சொன்னப்ப, பல்லைக் காட்டிக்கிட்டு சும்மா இருந்திருக்கேன். அதுக்கு என் அத்தை குடுத்த விலை 499 ரூபாயை விட ரொம்ப ஜாஸ்தி.

அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. படிச்சு முடிச்சுட்டு வீட்டுக்கு ஆட்டோ அனுப்பிடாதீங்க.

சொல்ல வந்தது ஒண்ணுதான். கம்பியில காப்பு செய்யுங்க, போடுங்க, வித்துக் காசும் பாருங்க. ஆனா அது நோயைக் குணப்படுத்தும்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நீங்க கைவினைக் கலைஞர் இல்ல, போலி வைத்தியர். சொல்றது நம்ம வீட்டு அக்காவா இருந்தாலும் சரி, சக பதிவரா இருந்தாலும் சரி.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் படிச்சது எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங், பாக்குறது சாஃப்ட்வேர். (இது தமிழ்நாட்டுல ஒரு வியாதி, இதுக்கு எந்தக் காப்பும் கிடையாது.) 2020 ஊரடங்குல வீட்டுல இருந்து வேலை. நாள் முழுக்கத் திரையை முறைச்சுட்டு, அது முடிஞ்சதும் இன்னொரு திரையை முறைக்கிற பொழப்பு. கைக்கு ஏதாவது வேலை வேணும்னு தோணுச்சு. ஊர்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துல மோட்டார் காயில் கட்டுற கடை. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம், தடுக்கி விழுந்தா பம்புசெட் பட்டறை. அங்க வெட்டிப் போட்ட வைண்டிங் கம்பி மிச்சம் கொஞ்சம் வாங்கிட்டு வந்து விளையாட்டா முறுக்க ஆரம்பிச்சேன்.

செய்முறையைச் சொல்லிடறேன், இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. 18ஆம் நம்பர் கம்பி, அதாவது கிட்டத்தட்ட 1.2 மில்லிமீட்டர் தடிமன். 80 சென்டிமீட்டர் வெட்டிக்குங்க. பாதியா மடிங்க, திரும்பப் பாதியா மடிங்க, நாலு இழை ஆச்சு. மடிச்ச பக்கத்தைச் சுவத்துல இருக்கிற கொக்கியில மாட்டுங்க. மறு பக்கத்தைக் கை டிரில்லோட வாயில கடிக்க விட்டு, இழுத்துப் புடிச்சுக்கிட்டே மெதுவாச் சுத்துங்க. தளர விட்டீங்கன்னா முறுக்கு ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் அகண்டுடும். சரடு மாதிரி ஆனதும் கழட்டி, முனையை மூக்குக் கொறடால உள்பக்கமா மடக்கி, அரம் வச்சு ராவிடுங்க. இல்லன்னா புடவை, துப்பட்டா எல்லாம் மாட்டிக் கிழியும், வீட்டுல பூஜை நடக்கும். அப்புறம் மணிக்கட்டை விடக் கொஞ்சம் சின்ன பைப் ஒண்ணு மேல வளைச்சா காப்பு ரெடி.

இதுல ஒரு அழகு இருக்கு. கடையில வாங்கறப்ப அந்தக் கம்பி கொழகொழன்னு இருக்கும். முறுக்க முறுக்க அதுவே விறைக்கும். வளையற ஒவ்வொரு தடவையும் உலோகத்துக்குள்ள இருக்கிற படிக அடுக்கு சிக்கிக்கிட்டு அடுத்த வளைவை எதிர்க்குது. அதனாலதான் மெலிசான நாலு இழை சேர்ந்து ஸ்பிரிங் மாதிரி கையைக் கவ்வுது. ரொம்ப வளைச்சா உடைஞ்சும் போகும். நாலு வருஷம் காலேஜ்ல மனப்பாடம் பண்ணின பாடம், விரல் நுனியில புரிஞ்சது அன்னிக்குத்தான். அந்த சந்தோஷத்துக்காகவே இன்னிக்கு வரைக்கும் செஞ்சிட்டு இருக்கேன்.

கணக்கும் போட்டுடலாம். இந்தக் காப்புக்கு ஆகிற செம்பு எட்டுல இருந்து ஒம்பது கிராம். கிலோ ஆயிரத்து ஐநூறுன்னு வச்சுக்கிட்டாக்கூட பதிமூணு ரூபாய். மிச்சம் உங்க உழைப்பு. உழைப்புக்குக் கூலி கேளுங்க, நூறு கேளுங்க, இருநூறு கேளுங்க, நான் உங்க பக்கம் நின்னு சண்டை போடறேன். "வெறும் கம்பிக்கா இவ்வளவு?"ன்னு பேரம் பேசறவங்களைக் கண்டா எனக்கும் எரியும். பிரச்சனை அங்க இல்ல. உழைப்புக்குன்னு சொல்லிக் கேட்டா ஜனம் தராதுன்னு பயந்து, 'முடக்குவாதம் போகும்'னு எழுதறோம் பாருங்க, அங்கதான் பிரச்சனை.

இனி அத்தை கதை.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு செஞ்சு கொண்டு போனேன். அத்தைக்கு நானே கையில மாட்டி விட்டேன். அவங்களுக்கு அதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடியே முடக்குவாதம், அதாங்க நம்ம பெரியவங்க சரவாங்கின்னு சொல்வாங்களே, அது. வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம் வேற, இது வேற. உடம்போட எதிர்ப்பு சக்தியே ஆள் மாறாட்டம் பண்ணி, மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வை எதிரின்னு நெனச்சு அடிக்கிற நோய். காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல விரல் மடங்காது. அதுக்கு வாரத்துல ஒரே ஒரு நாள் போடற மாத்திரை குடுத்திருந்தாங்க. வலி மாத்திரை இல்ல, நோயையே அடக்கி வைக்கிற மாத்திரை. அது சாப்பிட்ட மறுநாள் அத்தைக்குக் குமட்டும், வாயில புண்ணு வரும். மாத்திரை பெரியாஸ்பத்திரியில இலவசம்தான். ஆனா போக வர ரெண்டு பஸ், அரை நாள் வரிசை, அன்னிக்கு மாட்டைப் பார்த்துக்க ஆள் வேணும். இதெல்லாம் எந்த விளம்பரத்துலயும் வராத செலவு.

மாசி மாசம் அத்தை போன் பண்ணினாங்க. "கண்ணு, நீ போட்டுவுட்ட காப்பு என்னமா வேலை செய்யுது தெரியுமா? வெரலு நல்லா மடங்குது, வலியே காணோம்."

"அப்படிங்களா அத்தை, சந்தோசமுங்க"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன் மக்களே. அந்த ஒரு வரியைத்தான் இன்னிக்கு வரைக்கும் மென்னு முழுங்கிட்டு இருக்கேன். நம்ம கையால செஞ்ச பொருள் நமக்குப் புடிச்சவங்க வலியைப் போக்குதுன்னா எவனுக்குத்தான் கசக்கும்? போதாததுக்கு அத்தை தெருவுக்கே சொல்லி, பதினோரு பேர் ஆளுக்கு நூத்தியம்பது ரூபாய் குடுத்துக் கேட்டு வாங்கினாங்க. நானும் வாங்கிக்கிட்டேன். அதுல பாதிப் பேர் முட்டி வலிக்காரங்கன்னு எனக்குத் தெரியும்.

ஐப்பசி மாசம் மச்சான் கூப்பிட்டார். "மாப்ள, அம்மா மாத்திரைய நிறுத்தி ஏழு மாசம் ஆச்சாமா. எங்க யாருக்குமே தெரியல. காப்பு இருக்கே, அது எதுக்கு சூட்டு மாத்திரைன்னு அட்டையோட எடுத்து பீரோவுல வச்சிருக்குது. இப்ப சொம்பு தூக்க முடியல. ரெண்டு கை மணிக்கட்டும் வீங்கிப் போச்சு."

மறுநாள் ராத்திரியே பஸ் ஏறிட்டேன். அத்தையைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி வரிசையில நின்னப்ப, சும்மா அவங்க கையைப் புடிச்சுப் பார்த்துட்டு இருந்தேன். வீங்கின மணிக்கட்டுல காப்பு இறுக்கி அச்சு விழுந்திருந்துச்சு. ஆனா காப்பு மட்டும் பளபளன்னு, பொங்கலன்னிக்கு மாட்டின மாதிரியே இருந்துச்சு.

அங்கதான் பொறி தட்டுச்சு. பத்து மாசம் வேர்வையும் சாணியும் சோப்புத் தண்ணியும் பட்ட செம்பு கருத்திருக்கணுமே? கையில பச்சைக் கறை புடிச்சிருக்கணுமே? ஏன் இல்ல?

ஏன்னா அது வைண்டிங் கம்பி. மோட்டாருக்குள்ள சுத்தற கம்பி ஒண்ணோட ஒண்ணு உரசினா ஷார்ட் ஆயிடும்னு, மேல எனாமல் பூச்சோடதான் வரும். சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், செம்பு நிறம் அப்படியே தெரியும், ஆனா மின்சாரம் தாண்டாது. வீட்டுக்கு வந்து மச்சானோட மல்டிமீட்டரை வச்சுப் பார்த்தேன். காப்போட மேல எங்க முனையை வச்சாலும் பீப் வரல. வெட்டின முனை ரெண்டையும் நான்தான் உள்ளே மடக்கி வச்சிருந்தேன்.

புரியுதுங்களா? பத்து மாசமா என் அத்தையோட தோல்ல செம்பே படல. பட்டது பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த ஒரு பூச்சு. அந்தப் பூச்சைப் போட்டுக்கிட்டுத்தான் "வலியே காணோம்"னாங்க, அதை நம்பித்தான் தெருவுல பதினோரு பேர் வாங்கினாங்க. எலெக்ட்ரிகல் படிச்சவன், அந்தக் கம்பியில எனாமல் இருக்குன்னு வாங்கின அன்னிக்கே தெரிஞ்சவன், அத்தை போன் பண்ணினப்ப ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். யோசிக்கல. பாராட்டு காதை அடைச்சிருச்சு.

அத்தை பொய் சொல்லலைங்க. வலி நெசமாவே குறைஞ்சிருக்கும். அது ஏன்னு நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொல்றேன். சில பக் இருக்கும், தானா வரும், தானா போகும். அது உச்சத்துல இருக்கறப்ப நாம பதறிப் போய் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவோம். கொஞ்ச நேரத்துல சரியாயிடும். "ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாச்சு"ன்னு மெயில் போட்டுட்டுப் போயிடுவோம். உண்மையில அது சும்மா விட்டிருந்தாலும் அடங்கியிருக்கும். முடக்குவாதமும் ஏறி இறங்கற நோய். ஜனங்க காப்பு தேடறது வலி உச்சத்துல இருக்கறப்ப. உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே? இறங்கினதோட பேரு காப்புக்குப் போகுது. அத்தை விஷயத்துல இன்னொண்ணும் சேர்ந்துச்சு. மாசி வரைக்கும் ஒழுங்காச் சாப்பிட்ட மாத்திரை உள்ளே வேலை செஞ்சிட்டு இருந்துச்சு. நிறுத்தின உடனே நோய் எகிறலை, மெதுவாத்தான் எகிறுச்சு. மாத்திரை பண்ணின வேலைக்கு மாலை விழுந்தது காப்புக் கழுத்துல.

"சரிப்பா, இது உங்க அத்தை கதை. ஒரு ஆளை வச்சு எப்படிச் சொல்லுவ?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆளுக்கு ஆள் கதை சொன்னா முடிவே கிடையாது. அதுக்குத்தான் சோதனைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க.

இங்கிலாந்துல யார்க் பல்கலைக்கழகத்துல ஸ்டூவர்ட் ரிச்மண்ட்னு ஒரு ஆய்வாளர். அவர் குழு ரெண்டு சோதனை பண்ணியிருக்காங்க. முதல்ல மூட்டுத் தேய்மானக்காரங்க, 45 பேர், முடிவு 2009ல வந்துச்சு. அப்புறம் முடக்குவாதக்காரங்க, 70 பேர், முடிவு 2013ல வந்துச்சு. ரெண்டாவதுல ஒவ்வொருத்தரும் நாலு பட்டையை மாத்தி மாத்தி, ஒவ்வொண்ணையும் அஞ்சு வாரம் போட்டுக்கிட்டாங்க. ஒண்ணு செம்புக் காப்பு, ஒண்ணு நல்ல காந்தப் பட்டை, ஒண்ணு பலம் குறைஞ்ச காந்தம், ஒண்ணு காந்தமே நீக்கின டுபாக்கூர் பட்டை. வலி எவ்வளவு, வீக்கம் எவ்வளவு, எவ்வளவு மாத்திரை சாப்பிட்டாங்க, ரத்தப் பரிசோதனையில அழற்சி எவ்வளவு, எல்லாத்தையும் அளந்தாங்க. செம்புக்கும் டுபாக்கூர் பட்டைக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. அந்த 2013 கட்டுரை இலவசமாவே இணையத்துல கிடைக்குது, யாரு வேணா படிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் சொல்லிடணும். 1976ல ஆஸ்திரேலியாவுல வந்த ஒரு ஆய்வு செம்புக் காப்புக்கு ஆதரவாப் பேசுச்சு. காப்பு விக்கிறவங்க இன்னிக்கும் அதையேதான் காட்டுவாங்க. ஆனா அது போட்டுக்கிட்டவங்க சொன்ன பதிலை நம்பின ஆய்வு. ரத்தத்தையும் வீக்கத்தையும் அளந்து பார்த்த பிந்தைய சோதனையில அந்தப் பலன் காணாமப் போச்சு.

இனி வழக்கமா வர்ற கேள்விங்க. பின்னூட்டத்துல நீங்க சிரமப்பட வேணாம், நானே கேட்டு நானே சொல்லிக்கிறேன்.

'செம்புச் சொம்புல தண்ணி வச்சா கிருமி சாகுதே, அது மட்டும் அறிவியலா?'
ஆமா, அறிவியல்தான். செம்புப் பரப்புல உட்கார்ற பாக்டீரியா சாகும். அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு 2008லயே செம்புக் கலவைகளை அந்த வகையில பதிவு பண்ணியிருக்கு. ஆனா அது செம்பு மேல உட்கார்ற கிருமிக்கு. முடக்குவாதம் மணிக்கட்டுத் தோல் மேல உட்கார்ந்திருக்கிற கிருமியால வர்றதில்ல. கத்தி காய் நறுக்கும்ங்கிறதால தலைவலியையும் நறுக்குமா?

'உடம்புல செம்புச் சத்து குறைஞ்சாத்தான் மூட்டு வலி வருது, காப்பு வழியா அது ஏறுது.'
பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய செம்பு ஒரு மில்லிகிராமுக்குப் பக்கத்துலதான். எள்ளு, முந்திரி, நிலக்கடலை, பருப்பு, ஈரல் எல்லாத்துலயும் இருக்கு. முடக்குவாதம் செம்பு பத்தாம வர்ற நோயே கிடையாது. அப்படியே பத்தலைன்னு வச்சுக்குவோம், கொஞ்சம் எள்ளுருண்டை தின்னுட்டுப் போங்களேன், அதுக்கு எதுக்கு 499?

'கையில பச்சையா வருதே, அது உடம்புல இருக்கிற விஷம் வெளிய வர்றது.'
இது எனக்கு ரொம்பப் புடிச்சது. வேர்வையில இருக்கிற உப்பும் அமிலமும் செம்போட சேர்ந்து உண்டாகிற உப்புதான் அந்தப் பச்சை. கோயில் குத்துவிளக்குல கூடத்தான் பச்சை புடிக்குது, அதுக்கு என்ன விஷம்? இதுல வேடிக்கை என்னன்னா, அத்தைக்குப் பச்சையே புடிக்கல. அதுக்கு அவங்க தெருவுல சொன்ன காரணம், "எங்க தம்பி போட்டது சுத்தமான செம்பு, அதான் பச்சை புடிக்கல." ஆக, பச்சை வந்தா விஷம் இறங்குது, வரலைன்னா சரக்கு சுத்தம். எப்படி விழுந்தாலும் ஜெயிக்கிற காசை வச்சு சுண்டினா அது சுண்டறதா? மோசடி.

'பெரியவங்க முட்டாளா? காலங்காலமாப் போட்டாங்களே?'
பெரியவங்க காப்பு போட்டாங்க. அழகுக்குப் போட்டாங்க, வேண்டுதலுக்குப் போட்டாங்க, கௌரவத்துக்குப் போட்டாங்க. அதையெல்லாம் நான் ஒரு வார்த்தை குறை சொல்லல. ஆனா அவங்க யாரும் 'மாத்திரைக்கு மாற்று'ன்னு அட்டை ஒட்டி விக்கல. அட்டை ஒட்டினது நாம.

'போகட்டும், மனசுக்கு ஒரு தெம்புதானே? யாருக்கு என்ன நஷ்டம்?'
படிச்சவங்க எல்லாரும் கடைசியா வந்து ஒதுங்கற திண்ணை இது. நானும் அதுல உட்கார்ந்திருந்தவன்தான். தேய்மானக்காரர் ஒருத்தர் மருந்தையும் சாப்பிட்டுக்கிட்டுக் காப்பையும் போட்டா நஷ்டம் பதிமூணு ரூபாய்க் கம்பிதான், ஒத்துக்கிறேன். ஆனா விக்கிற உங்களுக்கு, வாங்கறது யாருன்னு தெரியுமா? அவங்க பீரோவுக்குள்ள எந்த மாத்திரை அட்டை இருக்குன்னு தெரியுமா? முடக்குவாதத்துல ஆரம்ப வருஷங்கள்ல ஒழுங்கா மருந்து சாப்பிடறது ரொம்ப முக்கியம். அரிச்சுப் போன எலும்பும் குருத்தெலும்பும் திரும்ப முளைக்காது. உங்க நாலு வரி ஆயிரம் பேருக்குப் போனா, அதுல என் அத்தை மாதிரி ஒருத்தங்க கண்டிப்பா இருப்பாங்க.

சட்டமும் ஒண்ணு இருக்கு. 1954ல வந்த மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம். தாயத்து, மந்திரம், கவசம், இன்ன பிற மந்திரிச்ச சமாச்சாரம் எல்லாம் 'மாய மருந்து'ங்கிற விளக்கத்துக்குள்ள வருது. எந்தெந்த நோய்க்கு மருந்துன்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு ஒரு பட்டியலே இருக்கு, அதுல வாத நோயும் உண்டு. முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, அபராதமோ, ரெண்டுமோ. நான் வக்கீல் இல்ல, கம்பிக் காப்பு அதுக்குள்ள வருமான்னு கோர்ட்டுதான் சொல்லணும். ஆனா கையில காப்பு மாட்டறதைப் பத்தி விளம்பரம் எழுதி, வேற மாதிரி காப்பு கையில மாட்டிக்கப் போறீங்களேன்னு ஒரு கவலை :-)

அப்புறம் இன்னொரு விஷயம். உலோகம் தோலுக்கு நல்லது பண்ணும்னு நிரூபிக்க முடியல. கெட்டது பண்ணும்ங்கிறது நல்லாவே நிரூபணம் ஆயிருக்கு. மலிவு விலைக் கம்பியில, கொக்கியில நிக்கல் கலந்திருந்தா சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். தோல்ல படற நகையில எவ்வளவு நிக்கல் கசியலாம்னு ஐரோப்பாவுல 1994லயே கட்டுப்பாடு கொண்டு வந்துட்டாங்க. உண்மையாவே வாங்கறவங்க உடம்பு மேல அக்கறை இருந்தா, 'இந்தக் கொக்கியில நிக்கல் இருக்கு, அரிச்சா கழட்டிடுங்க'ன்னு எழுதுங்களேன்? ஒருத்தரும் எழுத மாட்டாங்க. ஏன்னா அந்த வரி விக்காது.

என்னோட கோபம் பெரிய கம்பெனிக்காரன் மேல இல்ல. அவன் என்னிக்குமே அப்படித்தான். கோபம் நம்ம ஆளுங்க மேல. ராத்திரி பிள்ளையைத் தூங்க வச்சுட்டு, விரல்ல கம்பி குத்தக் குத்த உட்கார்ந்து ஒரு காப்பு முறுக்கறவங்க மேல. அந்தக் கைவேலைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. முறுக்கு சீரா விழறதுக்கு நீங்க வீணாக்கின கம்பி எவ்வளவு, சுட்டுக்கிட்ட விரல் எத்தனைன்னு எனக்குத் தெரியும். அதையெல்லாம் விட்டுட்டு, பொய்யான ஒரு வரியை நம்பி அது விக்கணும்னா, உங்க கைவேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னுதானே அர்த்தம்? அழகா இருக்குன்னு சொல்லி விக்க முடியாத பொருளை, மருந்துன்னு சொல்லி விக்கிறது நம்ம தொழிலுக்கு நாமளே காறித் துப்பிக்கிறது.

அத்தைக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. டாக்டர் திட்டல. திட்டியிருந்தா தேவலாம். "இந்த மாதிரி வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் வர்றாங்க தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு, பழைய மாத்திரையையே திரும்ப எழுதினார், ரத்தப் பரிசோதனைக்கு தேதி குடுத்தார். மணிக்கட்டு வீக்கம் சில மாசத்துல வடிஞ்சிடுச்சு. வலது கையில ரெண்டு விரல் மட்டும் இன்னும் முழுசா நிமிரல. அது அந்த ஏழு மாச இடைவெளியால வந்ததா, முன்னமே ஆரம்பிச்சதான்னு டாக்டர் அடிச்சுச் சொல்லல. நானும் அதைக் கேட்டு ஆறுதல் பட்டுக்கல.

பதினோரு பேர் வீட்டுக்கும் நானே போய்க் காசைத் திருப்பிக் குடுத்தேன். எனாமல் கதையைச் சொன்னேன். நாலு பேர் சிரிச்சாங்க. ரெண்டு பேர் காப்பைத் திருப்பிக் குடுத்தாங்க. ஒரு தாத்தா மட்டும், "உனக்கென்ன தெரியும், எனக்கு நல்லாத்தான் இருக்குது"ன்னு காசையும் வாங்கிக்கல, காப்பையும் தரல. அவர் முட்டி வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடறார்னு விசாரிச்சு, அவர் மகன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். ஒரு பொய்யைப் பரப்ப ஒரு போன் கால் போதும். அதைத் திரும்பப் பொறுக்க எனக்கு ரெண்டு நாள் லீவு, பதினோரு வீட்டுப் படி. அப்பவும் முழுசாப் பொறுக்க முடியல.

அத்தைகிட்ட மல்டிமீட்டரை வச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் காப்பையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம், "அப்ப நீ எனக்குப் போட்டது செம்பே இல்லையா கண்ணு?"ன்னாங்க.

"செம்புதானுங்கத்தை. ஆனா மருந்து இல்லீங்க."

இப்பவும் அதைக் கழட்டல. வீக்கம் வடிஞ்சதும் நான் கொஞ்சம் விரிச்சு விட்டு, திரும்ப மாட்டிக்கிட்டாங்க. இப்ப அதுக்கு வேற வேலை. வாரத்துல மாத்திரை போடற நாளன்னிக்கு வலது கையில இருந்து இடது கைக்கு மாத்திக்குவாங்க, மறுநாள் திரும்ப வலது கைக்கு. மறக்காம இருக்க அவங்களே கண்டுபிடிச்ச வழி. அந்தக் காப்பு செய்யற ஒரே மருத்துவ வேலை அதுதான்.

கைவினை செய்ற மக்களே, கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயம். விக்கிற அட்டையில 'செம்புக் கம்பிக் காப்பு, கையால் செய்தது, இன்ன அளவு, இன்ன விலை'ன்னு எழுதுங்க. அதுக்கு மேல எழுத இடம் மிச்சம் இருந்தா, 'அழகுக்கு மட்டும்'னு எழுதுங்க. வாங்கறவங்க "முட்டி வலிக்கு நல்லதாமே?"ன்னு கேட்டா, என்னை மாதிரி பல்லைக் காட்டாதீங்க. "இல்லீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரு வியாபாரம் போகும். போகட்டும்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா வாங்க, பின்னூட்டப் பெட்டி தெறந்தே இருக்கு. "எங்க பாட்டிக்குச் சரியாச்சு"ன்னு மட்டும் வராதீங்க. எங்க அத்தைக்கும்தான் சரியாச்சு, எனாமல் பூச்சால.

டிஸ்கி 1: வைண்டிங் கம்பியில இருக்கிற எனாமலை அடுப்புல காட்டி எரிக்காதீங்க, அந்தப் புகை நல்லதில்ல. உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. வயரிங் கம்பியோட பிளாஸ்டிக் உறைக்கும் இதேதான், எரிக்காம உரிச்சு எடுங்க.

டிஸ்கி 2: காப்பு வேணும்கிறவங்க தனி மடல் போடுங்க, செஞ்சு அனுப்பறேன். முட்டி வலிக்கு வேணும்கிறவங்க டாக்டருக்குப் போடுங்க.